எங்கள் பங்கின் சரித்திரத்தை எங்கிருந்து தொடங்குவது?

லயன்வீட்டு மகள் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் விழா மலருக்குப் பங்கின் (அந்தக் கோயிலைச் சேர்ந்த சபையின்) சரித்திரத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "டீச்சரே எழுதட்டும்" என்று பங்குப் பேரவையில் சொன்னார்கள், நானும் ஆசையோடு ஒப்புக்கொண்டேன். ஊர் மலேசியாவில், நெகிரி செம்பிலான் பகாவுக்குப் பக்கம், கிம்மாஸிலிருந்து வடக்கே போகிற ரயில் பாதையோரம். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா (ரப்பர்) காடு, இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கேட்கப்போகிற விஷயத்தில் சில குடும்பங்களின் பழைய கதைகள் இருக்கின்றன. ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

முன்பு யாரோ எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று கையில் இருக்கிறது. டவுன் கோயிலுக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து தொடங்குகிறது. பிறகு சாமியார்களின் (பங்குக் குருக்களின்) பெயர் வரிசை, மண்டபம் கட்டியது, கூரை மாற்றியது. தோட்டம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் நன்கொடைப் பட்டியலில். என் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது டவுனில் கோயிலே கிடையாது. அப்படியென்றால் அம்மா எந்தப் பங்கு?

பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்க ஃபாதர் அனுமதி கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. நீளவாக்கில் பெரிய புத்தகம், முதுகுத் தோல் உரிந்து நூல் தெரிகிறது. எல்லாம் லத்தீன். மை பழுப்பேறிப்போய், சில பக்கங்களில் எழுத்து இருந்த இடமே காகிதத்தில் ஓட்டையாகிவிட்டது. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தும் 12 பக்கம்தான் தாண்டினேன். இந்த மாதிரிப் புத்தகம் படித்துப் பழகியவர்கள் இங்கே இருந்தால் உதவுங்கள். அப்புறம், தலைப்பில் இருக்கிற கேள்விக்கும் உங்கள் கருத்து வேண்டும்.

சிரம்பான் சூசை | திங்கள், இரவு 10.05

நல்ல காரியம், டீச்சர். என் கருத்தை நேராகச் சொல்கிறேன். பங்கு என்பது ஆயர் (பிஷப்) எழுத்து மூலம் ஏற்படுத்துவது. எல்லை, பங்குக் குரு, பதிவேடு எல்லாம் அதோடு சேர்ந்து வருவது. அதனால் சரித்திரம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததை முன்னுரையில் சொல்லலாம்.

தேதிகளைத் தேடும்போது ஒன்று நினைவில் வையுங்கள். 1888இல் மலாக்கா மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி, மறுபடி ஏற்பட்டது. பெயர்தான் மலாக்கா, ஆயர் இருந்தது சிங்கப்பூரில். தீபகற்பம் முழுக்க அவர் பொறுப்பு. 1955இல்தான் கோலாலம்பூரும் பினாங்கும் தனி மறைமாவட்டங்களாயின. கோலாலம்பூருக்கு முதல் ஆயர் டொமினிக் வெண்டர்கன். ஆகவே 1955க்கு முன் உங்கள் ஊரைப் பற்றிச் சாமியார்கள் எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால், அது சிங்கப்பூர் விலாசத்துக்குப் போயிருக்கும்.

மூன்றாம் டிவிஷன் | செவ்வாய், காலை 6.30

சூசை தம்பி சொல்வது சட்டத்துக்குச் சரி. ஆனால் நான் பார்த்தது வேறு. எனக்கு 79 வயது. ரொம்பின் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவன், அதன் மூன்றாம் டிவிஷன், அதாவது மூன்றாம் பிரிவு.

எங்கள் கோயில் என்பது லயத்துக் கோடியில், தொழிலாளர் வரிசை வீடுகளின் கடைசியில், ஒரு கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, மண் தரைக்குச் சாணி மெழுக்கு. உள்ளே இரண்டடி உயரத்தில் ஓர் அந்தோணியார் சுரூபம். கையிலிருந்த குழந்தை இயேசுவுக்கு ஒரு கால் உடைந்து, அதைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருப்பார்கள். மணி கிடையாது. ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டி மரத்தில் தொங்கவிட்டிருக்கும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு அடிப்பதற்கும் அதே மாதிரித் துண்டுதான். இரண்டும் எப்படி வேறுபடும் என்றால், பெரட்டுக்கு வேகமாக அடிப்பார்கள், பூசைக்கு ஒவ்வொன்றாக நிறுத்தி அடிப்பார்கள். படுத்திருக்கும்போதே எது என்று தெரிந்துவிடும்.

சாமியார் சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வழியாக வருவார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார்தான் எல்லாம். அவரும் கித்தாப் பால் வெட்டுகிறவர்தான், தனிச் சம்பளம் கிடையாது. அவர் செபமாலை சொல்லிக் கொடுப்பார், சுவிசேஷத்தை வாசிப்பார், பெரிய வியாழன் வந்தால் இரவு முழுக்க ஒப்பாரி பாடவைப்பார். சாவு விழுந்தால் அவர்தான் குழிவரை வருவார்.

சாமியார் வந்தால் முந்தின இரவே வந்து கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டில் தங்குவார். விடிகிறதுக்கு முன்னாலேயே பூசை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். பூசை லத்தீனில் நடக்கும், நாங்கள் பாட்டுக்குத் தமிழில் பாடிக்கொண்டிருப்போம். முடிந்த கையோடு ஆண்கள் பால்கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். என் அப்பா பூசைக்கே வாளியோடு வந்து, கதவுக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வருவார். வாசலில் வரிசையாக வாளிகள் கவிழ்ந்து கிடக்கும். டவுனில் கோயில் எழும்பியது அதற்கெல்லாம் பிறகுதான். அதைக் கட்டிய செங்கல்லுக்கும் இந்த வாளிக்காரர்கள்தான் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தார்கள்.

பழைய குருமட மாணவன் | செவ்வாய், மதியம் 1.20

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான் குருமடத்தில் சில ஆண்டுகள் இருந்தவன், அந்தப் படிப்பை வைத்துச் சொல்கிறேன்.

பூசை ஏன் விடியுமுன் நடந்தது? அந்தக் காலச் சட்டப்படி நற்கருணை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சாயங்காலப் பூசையும் கிடையாது. பால் வெட்டுகிறவர் நிலையை யோசித்துப் பாருங்கள். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும், அப்போது மரத்தடியில் நிற்காவிட்டால் அன்றையக் கூலி போச்சு. வெட்டி முடித்து, பாலைச் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வருவதற்குள் நண்பகல் ஆகிவிடும். அதுவரை வெறும் வயிற்றோடு காத்திருந்து பூசை காண ஆகிற காரியமா? அதனால்தான் வேலைக்கு முன்னாலேயே நடத்தினார்கள்.

1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பரசர் இந்த விதியைத் தளர்த்தினார். தண்ணீர் குடிக்கலாம் என்று வந்தது, சாயங்காலப் பூசைக்கும் ஆயர் அனுமதி கொடுக்க வழி பிறந்தது. 1957இல் உபவாசம் 3 மணி நேரமானது, 1964இல் ஒரு மணி நேரமானது. மற்ற ஊர்களில் இது ஒரு சின்ன மாற்றமாகத் தெரிந்திருக்கலாம். தோட்டத்துக்கு இது பெரிய மாற்றம். சம்பள நாள் சாயங்காலம் குடும்பத்தோடு குளித்து, உடுத்திப் பூசைக்கு வர முடிந்தது அதற்குப் பிறகுதான்.

டீச்சர், புத்தகத்தைப் படிக்கும்போது ஓரத்தை விட்டுவிடாதீர்கள். ஒருவர் எங்கே திருமணம் முடித்தாலும் அந்தப் பங்குச் சாமியார், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவிக்க வேண்டும். அங்கே அந்தப் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுதிவைப்பார்கள். 1908 முதல் இது கட்டாயம். பிறந்த பிள்ளைகள் பிறகு எங்கே போனார்கள் என்பது அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

லயன்வீட்டு மகள் | சனி, மாலை 4.48

இன்று முழுக்க ஓரம்தான் பார்த்தேன். தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

1930களில் பிறந்த பிள்ளைகளுக்கு நேரே பெரும்பாலும் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்தான் இருக்கிறது. பெண் எடுத்ததும் கொடுத்ததும் சைக்கிள் போகிற தூரத்துக்குள்தான். அடுத்து வருகிற பக்கங்களில் கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர் என்று தூரம் கூடிக்கொண்டே போகிறது. அதற்கடுத்து ஒரு கொத்து வருகிறது. திருச்சி, கும்பகோணம், மறுபடி திருச்சி, சேலம். எல்லாமே 1970, 71, 72. முதலில் எனக்குப் புரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் உறைத்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்ய முடியாது என்று ஆனதே, அப்போது சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த குடும்பங்கள் கப்பலேறின. இங்கே பிறந்து, இங்கே சாணி மெழுகிய கொட்டகையில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள், பார்த்தே இராத ஊரில் போய்க் கல்யாணம் முடித்திருக்கிறார்கள். அங்கிருந்த சாமியார் கடமை தவறாமல் கடிதம் போட்டிருக்கிறார். இங்கே இருந்தவர் அதை நீல மையில் பதிந்திருக்கிறார்.

நிறைய பேருக்கு ஓரம் காலியாக இருக்கிறது.

கிள்ளான்வாசி | சனி, இரவு 8.30

அக்கா, பெயர்களையும் பாருங்கள். பிரெஞ்சுச் சாமியார்கள் லத்தீனில் பேத்ருஸ் என்று எழுதியிருப்பார்கள், வீட்டில் அவர் இராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன். யோவானெஸ் அருளப்பன், ஸ்தேபானுஸ் முடியப்பன், அலோசியுஸ் ஞானப்பிரகாசம். தாத்தா பெயரைத் தேடி வருகிறவர்கள் தமிழ்ப் பெயரைத் தேடிக் காணாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். மலரில் இந்தப் பட்டியலைக் கட்டாயம் போடுங்கள்.

சில பெயர்கள் ஊரையே சொல்லிவிடும். அடைக்கலம் என்றால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் நேர்ந்துகொண்ட குடும்பமாக இருக்கலாம். பெரியநாயகம் என்றால் கோணான்குப்பம் பக்கம். அருளானந்தம் என்றால் ஓரியூர் அருளானந்தர் மீது பக்தி. ஆரோக்கியம், ஆரோக்கியசாமி எல்லாம் வேளாங்கண்ணி. நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறுவார்கள், வேளாங்கண்ணி அங்கிருந்து கூப்பிடு தூரம் மாதிரி. மாதாவைக் கும்பிட்டுவிட்டு ரஜூலா கப்பலில் ஏறியவர்களின் பிள்ளைகள் நாம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி தன் சொந்த ஊரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்தான் ஆள் கூட்டிக்கொண்டு வருவார். அதனால் ஒரு டிவிஷனில் எந்தச் சுரூபம் இருந்தது என்று தெரிந்தால், அந்தக் கங்காணி எந்தப் பக்கத்துக்காரர் என்று ஊகிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேராக்கில் பாகான் செராய் போய்ப் பாருங்கள். 1880களில் ரெனே ஃபே சாமியார் தமிழ்க் கத்தோலிக்கர்களை அங்கே நெல் விவசாயத்துக்குக் குடியமர்த்தினார். 1896இல் மலாக்கா ஆயரானவரும் அவர்தான். அந்தக் குடியிருப்பில் மக்களுக்குக் காலூன்ற நிலம் இருந்தது, அதனால் கோயிலைச் சுற்றித் தலைமுறைகள் தங்கின. நம் தோட்டத்தில் லயம் துரையுடையது, கோயில் நின்ற மண்ணும் துரையுடையது. தோட்டம் கைமாறினால் கோயிலும் போச்சு. நம் பங்குகளின் சரித்திரம் ஏன் எழுதப்படாமல் போனது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

தம்பின் அக்கா | ஞாயிறு, மதியம் 2.15

பகாவ் என்று பார்த்ததும் எழுத வந்தேன். பகாவையும் கத்தோலிக்கரையும் சேர்த்துத் தேடினால் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களின் கதை ஒன்றுதான் கிடைக்கிறது. அது உண்மையான கதை, நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் சோற்றுக்குப் பஞ்சம் வந்தபோது, ஜனங்களைக் காட்டு நிலத்துக்கு அனுப்பிப் பயிரிடச் செய்யலாம் என்று ஷினோசாகி என்ற ஜப்பானிய அதிகாரி ஏற்பாடு செய்தார். 1943 கடைசியில் சீனக் கத்தோலிக்கரும் யூரேசியரும் ஆயர் டெவால் தலைமையில் பகாவுக்கு வந்தார்கள். குடியேற்றத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஃபூஜிகோ. நகரத்தில் எழுத்து வேலை பார்த்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். மண்ணும் சரியில்லை, காட்டை வெட்ட வெட்ட மலேரியா. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆயர் டெவாலும் மண்வெட்டி பட்ட காயத்தில் ஜன்னி கண்டு 1945 ஜனவரியில் இறந்தார்.

என் பாட்டி அப்போது பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். அவர் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு வெள்ளை உடுப்புக்காரப் பெண் லயத்துக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு சிறுபெண்ணின் பட்டுக் கவுனை எடுத்து நீட்டி மரவள்ளிக் கிழங்கு கேட்டாராம். பேச்சு புரியவில்லை. அந்த அம்மாளின் கழுத்தில் செபமாலை தெரிந்ததும் பாட்டி தன் கழுத்துச் சிலுவையை எடுத்துக் காட்டியிருக்கிறார். கிழங்கைக் கொடுத்துவிட்டுக் கவுனை வேண்டாம் என்றாராம். தாத்தாவை ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டு வேலைக்குக் கொண்டுபோய் அப்போது வருஷம் ஒன்று ஆகியிருந்தது. திரும்பி வரவேயில்லை.

ஒரே காடு, ஒரே காய்ச்சல். அவர்கள் கதைக்கு ஆயர் இருந்தார், படித்தவர்கள் இருந்தார்கள், பிறகு எழுதினார்கள். நம் கதை பாட்டியோடு அடங்கிப்போனது. டீச்சர், உங்கள் புத்தகத்தில் 1942 முதல் 1945 வரை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

லயன்வீட்டு மகள் | ஞாயிறு, இரவு 9.50

பார்த்தேன் அக்கா. அந்த மூன்று வருஷத்துக்குப் பதிவு ரொம்பக் குறைவு. அதற்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு நான்கைந்து பக்கம் போகும், அந்தக் காலத்துக்கு எல்லாம் சேர்த்தே இரண்டு பக்கம்தான். எழுத்தும் மாறியிருக்கிறது, அவசரக் கையெழுத்து. தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒரு சிலுவைக் குறி. இறந்தவர் என்று அர்த்தமாக இருக்க வேண்டும்.

அப்புறம் குருமடத்துத் தம்பிக்கு ஒரு கேள்வி. சில பதிவுகளில் சாமியார் பெயர் வர வேண்டிய இடத்தில் "அப் ஒப்ஸ்தெத்ரீச்சே" என்று இருக்கிறது. 1930களின் நடுவிலிருந்தே வருகிறது, ஜப்பான்காரன் காலத்தில் அதிகம். கூடவே "இன் பெரீகுலோ மோர்திஸ்". ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் பார்த்தேன். இது யாராவது சாமியாரின் பெயரா?

பழைய குருமட மாணவன் | ஞாயிறு, இரவு 10.22

பெயர் இல்லை, அக்கா. "மருத்துவச்சியால்" என்று அர்த்தம். இரண்டாவது, "சாகும் தறுவாயில்". பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் சாமியாருக்காகக் காத்திருக்க முடியாது. அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். குழந்தை பிழைத்துக்கொண்டால், மீதிச் சடங்கைச் சாமியார் வரும்போது செய்து பதிவார்.

வழக்கமாக இப்படிக் கொடுத்தவரின் பெயரையும் எழுதுவார்கள். பெயரில்லாமல் வெறும் மருத்துவச்சி என்று விட்டிருப்பதற்கு என்ன காரணமென்று எனக்கும் புரியவில்லை.

மூன்றாம் டிவிஷன் | திங்கள், காலை 5.55

எனக்குத் தெரியும்.

அந்த அம்மா வேதக்காரர் (கிறிஸ்தவர்) இல்லை. மாரியம்மன் கோயில் பக்கம் இருந்தவர். நெற்றியில் எப்போதும் திருநீறு, காதில் தண்டட்டி, ஒரு கையில் பச்சை. எங்கள் டிவிஷனில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் அவர் கையில் விழுந்தவர்கள்தான். எங்களுக்கு அவர் ஆயாம்மா. பகலில் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்ப்பார், இரவில் பிரசவம். என் அம்மா எனக்கு முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது நான், எட்டாம் மாதத்தில் பிறந்துவிட்டேன். அழவில்லையாம், உடம்பு நீலம் பாரித்துவிட்டதாம். ஆயாம்மா என்னைக் குப்புறத் தூக்கி முதுகில் தட்டி, மூக்கை வாய் வைத்து உறிஞ்சித் துப்பி, பிறகு வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த பச்சைத் தண்ணீரை எடுத்துத் தலையில் மூன்று தடவை ஊற்றினாராம். பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்து சாந்துவுடையவும் என்று முழுக்கச் சொன்னாராம். அம்மா பலதடவை சொல்லியிருக்கிறார். உபதேசியார்தான் அவரைக் கோயில் கொட்டகை வாசலில் உட்காரவைத்து வார்த்தை தவறாமல் சொல்லப் பழக்கினாராம். வேதக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் இதைச் செய் என்று சொல்லியிருந்தார். அவரும் அதைத் தாண்டி ஒரு வார்த்தை கூடச் செய்ததில்லை.

எங்கள் தெருவில் செத்துப்போன கைக்குழந்தைகளின் தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளையைக் கல்லறையில் தனியாகத்தான் அடக்குவார்கள். ஆயாம்மா தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் சிலுவை நட்ட இடத்தில் படுத்திருக்கிறார்கள்.

சாமியார் ஏன் பெயரை எழுதவில்லை என்று எனக்கும் தெரியாது. ஆனால் அவர் எங்கள் டிவிஷனுக்கு வந்தால் ஆயாம்மாவைக் கூப்பிட்டு இரண்டு கையும் கூப்புவார். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிரம்பான் சூசை | திங்கள், இரவு 9.30

ஐயா, காலையில் இதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன், நாள் முழுக்க இதே நினைப்பு. முதலில் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஆயர் கடிதம் எந்தத் தேதியில் இருந்தாலும், இந்தப் பங்கு அதற்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரே ஒரு கவலை. விழா மலரில் சாமியார்களுக்கு முன்னால் ஓர் இந்து மருத்துவச்சியை வைத்தால் பேரவையில் கேள்வி வரும். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். முழுக்கு பெறாதவர்கூட, திருச்சபை கேட்கிற நோக்கத்தோடு கொடுத்தால் அந்த ஞானஸ்நானம் செல்லும் என்பது மிகப் பழைய போதனை. குருமடத்துத் தம்பி, சரிதானே?

பழைய குருமட மாணவன் | திங்கள், இரவு 9.41

முழுக்கச் சரி. திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஃபாதரிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

ஆனால் அக்கா, குழந்தைகளின் பெயரையோ பெற்றோர் பெயரையோ மலரில் போடாதீர்கள். அந்தப் பத்திகளில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கோயிலில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

லயன்வீட்டு மகள் | செவ்வாய், மதியம் 3.05

பெயர் எதுவும் வராது, தம்பி. அதற்காகத்தான் ஊரையே மறைத்தேன்.

இப்போது எனக்குத் தொடக்கம் கிடைத்துவிட்டது. கவிழ்த்து வைத்த வாளிகளிலிருந்து தொடங்கப்போகிறேன். அடுத்து உபதேசியார், அடுத்து ஆயாம்மா, பிறகுதான் அடிக்கல். சாமியார்கள் வரிசையும் முழுதாக இருக்கும், யாரையும் குறைக்கப்போவதில்லை. மலைப்பாதையில் வந்து போனவர்கள் அவர்கள்.

என் சொந்த நினைவு ஒன்றையும் சேர்க்கிறேன். 1976 ஆகஸ்டு, எனக்குப் பத்து வயது. தீபகற்பத்துச் சாமியார்கள் எல்லாரும் ஆயர்களோடு ஒரு மாதம் கூடிப் பேசப் போய்விட்டார்கள். அந்த மாதம் முழுக்கக் கோயில்களில் பொதுநிலையினரே (குருக்கள் அல்லாத சாதாரண மக்களே) வழிபாட்டை நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. டவுனில் எல்லாரும் பதறினார்கள், யார் வாசிப்பது, யார் நடத்துவது என்று. தோட்டத்துப் பெரியவர்கள் பதறவேயில்லை. அப்பா வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு போய், வாசகத்தை வாசித்து, செபமாலையைத் தொடங்கிவைத்தார். காலங்காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் செய்துவந்ததுதான் அது.

மூன்றாம் டிவிஷன் ஐயா, அந்த அந்தோணியார் சுரூபம் இப்போது எங்கே?

மூன்றாம் டிவிஷன் | செவ்வாய், மாலை 6.10

தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோது உபதேசியார் மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இப்போது அவர் பேத்தி வீட்டில் இருக்கிறது, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்னறையில். கோயிலுக்குக் கொடுங்கள் என்று சிலர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். இருபது வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற வீடு அது. விழாவன்று ஒரு நாள் கொண்டுவந்து வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

கல்லறை இருந்த இடத்துக்குத்தான் இப்போது போக முடியவில்லை. சுற்றிலும் செம்பனை. வழி மறந்துவிட்டது.

செம்பனைக்காடு | செவ்வாய், இரவு 8.44

வணக்கம் ஐயா, வணக்கம் டீச்சர். நான் இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீங்கள் சொல்கிற தோட்டத்தில்தான் இப்போது வேலை செய்கிறேன் என்று நினைக்கிறேன். ஆற்றுக்குப் போகிற லோரிப் பாதையில், பழைய தண்ணீர்த் தொட்டி தாண்டி இடப்பக்கம் மேட்டில் ஒரு கல்லறை இருக்கிறது. நான்கு வரிசை செம்பனையை நடாமல் விட்டிருக்கிறார்கள். சிமெண்டுச் சிலுவை ஏழெட்டு நிற்கிறது, மற்றது மண்மேடு. மேட்டின் கிழக்கு ஓரத்தில் சின்னச் சின்னக் கல் வட்டங்கள். அவை என்னவென்று இன்றுவரை தெரியாமல் இருந்தேன்.

இன்னொன்று. எங்களிடம் வேலை செய்கிற, இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்காரர்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு சாயங்காலம் பழைய ஆயாக்கொட்டகையில் கூடி மலாயில் செபமாலை சொல்வார்கள். சாமியார் வருவது எப்போதாவதுதான். அவர்களில் மூத்தவர் ஒருவர்தான் நடத்துவார், பகலில் குலை வெட்டுகிறவர். கல்லறையில் புல் வெட்டி வைப்பதும் அவர்கள்தான், யாரும் சொல்லிச் செய்வதில்லை. கொட்டகை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதைத் தட்டித்தான் கூடுவார்கள்.

மூன்றாம் டிவிஷன் | செவ்வாய், இரவு 8.59

எப்படித் தட்டுவார்கள், தம்பி?

செம்பனைக்காடு | செவ்வாய், இரவு 9.03

ஒவ்வொன்றாக, ஐயா. நிறுத்தி நிறுத்தி.

லயன்வீட்டு மகள் | செவ்வாய், இரவு 9.20

தம்பி, வருகிற சனிக்கிழமை நாங்கள் வரலாமா? ஐயாவை நான் காரில் அழைத்து வருகிறேன். தம்பின் அக்காவும் வருகிறேன் என்று தனியாக எழுதியிருக்கிறார்.

செம்பனைக்காடு | செவ்வாய், இரவு 9.31

மேனேஜரிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன் டீச்சர், ஆட்சேபம் சொல்ல மாட்டார். காலை 7 மணிக்கு ரயிலடியில் இருங்கள், நான் வந்து முன்னால் போகிறேன். முந்தின நாள் மழை பெய்தால் கார் ஏறாது, தோட்டத்து வண்டியில் போகலாம். எல்லாரும் பூட்ஸ் போட்டு வாருங்கள், மேட்டில் அட்டை அதிகம். ஐயாவுக்கு ஒரு நாற்காலி நான் எடுத்து வருகிறேன்.